பழைய டி.எச்.ஆர்.10-இல் இருக்கும் ஐந்து பேட்ச்களைப் புதிய பெட்டிக்கு மாற்ற வழி உண்டா?

அல்சூர் ஆறுகம்பி — சனி, இரவு 11.40

வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர், மேல்தளத்தில் நாங்கள். இரவு பத்து மணிக்கு மேல் நான் தும்மினால் கீழேயிருந்து அவர் "நூறு ஆயுசு" என்பார். ஆகவே என் கிடார் வாழ்க்கை முழுவதும் ஹெட்போனுக்குள்தான். 2012-இல் யமஹா டி.எச்.ஆர்.10 என்ற சின்னக் கிடார் ஆம்ப் வாங்கினேன். அல்சூர் நிலையத்தில் மெட்ரோ நிற்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்றிலிருந்து அந்தப் பாலாடை நிறப் பெட்டிதான் துணை.

இப்போது வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. தரையில் கேபிள் கிடந்தால் முதலில் அவள் இழுப்பாள், பிறகு பெட்டி விழும். அதனால் இரண்டாம் தலைமுறை டி.எச்.ஆர்.10-இன் வயர்லெஸ் வகையை வாங்கிவிட்டேன்.

சிக்கல் இதுதான். பழைய பெட்டியின் ஐந்து நினைவகங்களிலும் என் பேட்ச்கள், அதாவது சேமித்து வைத்த ஒலி அமைப்புகள், இருக்கின்றன. ஒன்றாவது, சாதாரணப் பயிற்சிக்கான தெளிந்த ஒலி. இரண்டாவது, லேசாக முறுகிய கிரஞ்ச். மூன்றாவது, தனிவாசிப்புக்கான லீட். நான்காவது, தேவாலயத்தில் வாசிப்பதற்காக டிலே என்ற எதிரொலி விளைவு போட்டு வைத்தது. ஐந்தாவதை நான் செய்யவில்லை. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் 2014-இல் செய்து கொடுத்துவிட்டு வேலை கிடைத்து கனடா போய்விட்டான். தெளிவான ஒலி, ஆனால் உள்ளே ஏதோ ஒரு கனம். ஒற்றைச் சுரத்தை அழுத்தினால் மணியடித்தது போல நின்று கரையும். அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

புதிய பெட்டியின் செயலியில் பழைய பேட்ச்களை ஏற்றும் இடம் எதையும் காணவில்லை. யாராவது செய்திருக்கிறீர்களா? முன்னெச்சரிக்கையாக ஐந்து நினைவகங்களையும் ஒவ்வொன்றாக அழைத்து, திருகுகளின் நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

---

குறுக்குநாண் — சனி, இரவு 11.52

சுருக்கமான விடை: வழி இல்லை. இரண்டும் ஒரே பெயர் கொண்ட வேறு வேறு கருவிகள்.

நீண்ட விடையை நாளை எழுதுகிறேன். இப்போது தூக்கம்.

---

நள்ளிரவு வால்வு — ஞாயிறு, அதிகாலை 12.20

ஆறுகம்பி, உங்கள் படங்களைப் பற்றி ஒரு சேதி. மனதைத் தேற்றிக்கொண்டு படியுங்கள்.

நினைவகத்தை அழைத்தபின் எடுத்த படமா? அப்படியானால் அந்தப் படத்தால் பயன் இல்லை. டி.எச்.ஆர்.10-இல் திருகுகளுக்கு மோட்டார் கிடையாது. மூன்றாவது நினைவகத்தை அழைத்தால் ஒலி மாறும், திருகுகள் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒலியை முறுக்கும் கெயின் திருகு இரண்டில் இருப்பதாகக் கண் சொல்லும், உள்ளே ஓடுவது ஏழாக இருக்கும். அதைவிடக் கொடுமை, "சற்றே சரிபார்ப்போம்" என்று திருகைத் தொட்டால், மதிப்பு அந்தத் திருகு நிற்கும் இடத்துக்குத் தாவிவிடும். ஐந்து படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

---

அல்சூர் ஆறுகம்பி — ஞாயிறு, அதிகாலை 12.31

பார்த்தேன். ஐந்தும் ஒரே படம். வெளிச்சம் மட்டும் வேறு.

---

மல்லேஸ்வரம் மாமா — ஞாயிறு, காலை 7.05

தம்பி, சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். 2002-இல் நானும் இதையேதான் செய்தேன். படம் எடுக்கக் கைப்பேசி இல்லாத காலம், ஆகவே நோட்டுப் புத்தகத்தில் கடிகாரம் போல வட்டம் வட்டமாக வரைந்து வைத்தேன். லைன் 6 நிறுவனத்தின் பாட் 2.0 என்ற கிடார் ஒலிப்பெட்டி, அந்தச் சிவப்பு அவரைக்கொட்டை. முப்பத்தாறு நினைவகம், ஒன்பது வரிசையில் நான்கு நான்காக. முப்பத்தாறு பக்கம் வட்டம் வரைந்திருக்கிறேன் என்றால் பாருங்கள்.

பிறகு மிடி (இசைக்கருவிகள் தமக்குள் செய்தி அனுப்பும் முறை) கேபிள் வாங்கிக் கணினியில் இணைத்து, முப்பத்தாறையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டேன். அந்தக் கோப்பு இன்றும் இருக்கிறது, இன்றும் அந்தப் பாட் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் வேறு எந்தப் பெட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதற்கு அது வெறும் எண்கள். காப்பு எடுப்பது ஒன்று, இடம் மாற்றுவது வேறொன்று. முதலாவதை உடனே செய்யுங்கள்.

---

குறுக்குநாண் — ஞாயிறு, காலை 9.40

தூங்கி எழுந்துவிட்டேன். காபியும் ஆயிற்று. நீண்ட விடை இதோ.

பழைய டி.எச்.ஆர்.10 வந்தது 2011-இல். அதன் உள்ளே இருப்பது யமஹாவின் சொந்த மாடலிங், அதாவது பெயர்பெற்ற ஆம்ப்களின் ஒலியைக் கணக்கால் நகலெடுக்கும் முறை. லைன் 6-ஐ வாங்கப்போவதாக யமஹா அறிவித்தது 2013 டிசம்பரில். இரண்டாம் தலைமுறை டி.எச்.ஆர் வந்தது 2019-இல். இந்த மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே கதை பாதி விளங்கிவிடும்: புதியதன் உள்ளே இருப்பது லைன் 6-இன் வேலை.

மீதிப் பாதிக்குச் சான்று, பெட்டி பேசும் மொழியிலேயே இருக்கிறது. மிடி விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ரோலண்ட் என்றால் 41, யமஹா என்றால் 43, பதினாறடிமான எண்ணில். லைன் 6-க்குக் கொடுத்தது மூன்று எண் கொண்ட தொடர்: 00 01 0சி. பழைய பெட்டி யூ.எஸ்.பி வழியாகக் கணினிக்கு அனுப்பும் செய்தியைப் பிடித்துப் பார்த்தால் தொடக்கத்தில் 43. புதிய பெட்டியின் செய்தியில் 00 01 0சி. வெளியே ஒட்டியிருப்பது ஒரே பெயர்தான், ஆனால் புதியது வாயைத் திறந்தால் வருவது பிறந்த வீட்டுப் பேச்சு.

கோப்பிலும் அதே நிலை. பழைய பெட்டிக்கான கணினி மென்பொருளான எடிட்டர் சேமிப்பது ஒய்.டி.எல் என்று முடியும் கோப்பு. அதை நோட்பேடில் திறந்தால் கரப்பான்பூச்சி மைக்குள் விழுந்து எழுந்து நடந்தது போல இருக்கும். புதிய செயலி சேமிப்பது டி.எச்.ஆர்.எல்6பி. பெயரிலேயே எல்6 இருக்கிறது, கவனித்தீர்களா? இதைத் திறந்தால் மனிதன் படிக்கக்கூடிய எழுத்து வரும். கெயின், மாஸ்டர், பேஸ், மிட், டிரெபிள் எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையிலான தசம எண்களாக இருக்கும்.

"எழுத்தாக இருக்கிறதே, பழைய எண்களை அதில் தட்டச்சு செய்தால் போதாதா?" என்று அடுத்து ஒருவர் கேட்பார். செய்யலாம். கோப்பு திறக்கும், பேட்ச் ஏறும், ஒலி மட்டும் வேறாக இருக்கும். பழைய லீடில் கெயின் 62 என்பது அந்த மாதிரியின் 62. புதிய லீடில் 0.62 என்பது இன்னொரு சுற்றின் 0.62. ஒருவர் வீட்டில் ரசத்துக்கு இரண்டு கரண்டி புளிக்கரைசல் என்றால், அடுத்தவர் வீட்டுக் கரண்டியில் அது எவ்வளவு?

---

ஒற்றைச்சுருள் — ஞாயிறு, காலை 10.15

ஐந்து ஒலிக்கு இத்தனை பேச்சா? புதிய பெட்டியை எடுத்துத் திருகிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பழையதைப் பிடித்துத் தொங்குவது நமக்கே உரிய வியாதி.

---

கமகப்பிரியை — ஞாயிறு, காலை 10.48

ஒற்றைச்சுருள் சார், பத்து நிமிடத்தில் கிடைப்பது "நன்றாக இருக்கிறதே" என்ற ஒலி. அவர் கேட்பது அவருடைய ஒலி. நான் கிடாரில் கர்நாடக இசை வாசிக்கிறேன். ஒரு காந்தாரத்தை இழுத்து ஆட்டும்போது ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் என் விரல் அடுத்த அசைவை முடிவு செய்கிறது. ஒலி கொஞ்சம் முன்னதாகக் கரைந்தால் கமகமே மாறிவிடும். பதினோரு ஆண்டு ஒரே பேட்சில் வாசித்த கைக்கு அது பெரிய விஷயம்.

ஆறுகம்பி தம்பிக்கு, நான் கருவி மாற்றியபோது செய்ததைச் சொல்கிறேன்.

வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர் பெடல் ஒன்றை இரவல் வாங்குங்கள். கிடாரை லூப்பரில் செருகி, எந்த விளைவும் இல்லாமல் அரை நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். திறந்த கம்பிகளில் ஒரு நாண், அழுத்திப் பிடித்த ஒற்றைச் சுரம், உள்ளங்கையால் அமுக்கிய தாளம், மெதுவாகத் தொட்டது, ஓங்கி அடித்தது எல்லாம் அதில் வர வேண்டும். இப்போது லூப்பரின் வெளிவாயிலைப் பழைய பெட்டிக்குக் கொடுத்துச் சுழல விடுங்கள். கேளுங்கள். கேபிளைப் பிடுங்கிப் புதிய பெட்டியில் செருகுங்கள். அதே வாசிப்பு, அதே அழுத்தம், உங்கள் கை அதில் இல்லை.

கை இல்லை என்பதுதான் இதில் முக்கியம். நாம் வாசித்துக்கொண்டே ஒப்பிட்டால், ஒலியில் குறைவதை விரல் தானாக ஈடுசெய்துவிடும். காது "இரண்டும் ஒன்று" என்று ஏமாறும். அடுத்த வாரம் கச்சேரியில்தான் தெரியும்.

---

நள்ளிரவு வால்வு — ஞாயிறு, காலை 11.10

அக்கா சொன்னதோடு இரண்டைச் சேர்க்கிறேன்.

ஒன்று, சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள். சத்தம் குறையும்போது காது தாழ்ந்த சுருதிகளையும் மிக உயர்ந்த சுருதிகளையும் குறைவாகக் கேட்கும். பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. சற்றே சத்தமாக இருக்கும் பெட்டிதான் எப்போதும் "செழிப்பாக" ஒலிக்கும். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி ஒன்று போதும். துல்லியம் வேண்டாம், இரண்டுக்கும் ஒரே அளவு வந்தால் சரி.

இரண்டு, ஹெட்போனில் செய்ததை ஹெட்போனில் ஒப்பிடுங்கள். பழைய பெட்டியில் 8 செண்டிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு, மொத்தம் 10 வாட். புதியது 20 வாட். ஸ்பீக்கரில் வைத்து ஒப்பிட்டால் பாதி நேரம் மரப்பெட்டியைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், பேட்சை அல்ல.

லூப்பர் வழியாகப் போகும்போது பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு) பெட்டிக்கும் உள்ள நேரடித் தொடர்பு கொஞ்சம் மாறும் என்று யாராவது நுணுக்கம் பேசலாம். உண்மைதான். இரண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரி மாறுவதால் ஒப்பீட்டுக்குக் குந்தகம் இல்லை.

---

கடானா கந்தன் — ஞாயிறு, மதியம் 1.30

நான் வேறு கட்சி. பாஸ் நிறுவனத்தின் கடானா-50 ஆம்ப், முதல் தலைமுறை, 2017-இல் வாங்கியது. இப்போது அதன் இரண்டாம் தலைமுறையான மார்க் 2. இங்கே கோப்பு டி.எஸ்.எல், திறந்தால் எழுத்தாகவே தெரியும். ஐந்து ஆம்ப் வகைகள் பெயர் மாறாமல் இரண்டிலும் இருப்பதால் கையால் மாற்றி எழுதுவது எனக்குக் கடினமாக இல்லை. முதல் தலைமுறையில் முன்பலகையில் மூன்று விளைவுப் பிரிவுகள், மார்க் 2-இல் ஐந்து. சின்ன வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போவது போல, எல்லாச் சாமானும் கொள்ளும், எதை எந்த அறையில் வைப்பது என்பதுதான் கேள்வி. பெரியதிலிருந்து சின்னதற்குத் திரும்பினால் கட்டிலை வெளியேதான் போட வேண்டும்.

ஆகவே "பழையது, புதியது" என்று பொதுவாகப் பேசாமல், இரண்டும் ஒரே பரம்பரையா என்று முதலில் பாருங்கள். ஆறுகம்பியின் வழக்கு தத்தெடுப்பு வழக்கு.

---

அல்சூர் ஆறுகம்பி — ஞாயிறு, மாலை 4.50

எல்லாருக்கும் நன்றி. லூப்பர் கிடைத்துவிட்டது. தேவாலயத்தில் பேஸ் வாசிக்கும் தம்பியிடம் இருந்தது, ஆராதனை முடிந்ததும் வாங்கி வந்தேன். ஒன்றும் இரண்டும் ஓரளவு நெருங்கிவிட்டன. இரண்டாவதற்கு, புதிய பெட்டியில் கிரஞ்ச் வைத்து மூன்று நிறங்களையும் (ஒரே ஆம்பின் மூன்று வகைகள்) மாற்றிப் பார்த்ததில் பூட்டீக் என்று சொல்லும் வகைதான் என் காதுக்கு ஒத்துப்போனது.

மூன்றாவது லீட் அடம்பிடிக்கிறது. கெயினை ஏற்றினால் குழைகிறது, இறக்கினால் வறண்டுவிடுகிறது. நடுவில் நான் தேடுவது இல்லை. ஐந்தாவதைத் தொடவே இல்லை, பயமாக இருக்கிறது.

---

குறுக்குநாண் — ஞாயிறு, மாலை 5.35

மாஸ்டர் திருகைத் தொட்டீர்களா? பலரும் அதைச் சத்தத் திருகு என்றே நினைக்கிறார்கள். சத்தத்துக்கு வால்யூம் தனியாக இருக்கிறது. மாஸ்டர் என்பது ஆம்பின் பின்கட்டு, அதாவது பவர் வால்வுகள் எவ்வளவு திணறுகின்றன என்பதன் போலி. கெயின் முன்கட்டுத் திணறல். கெயினை ஏற்றினால் ஒலி மணல் மணலாக உதிரும், மாஸ்டரை ஏற்றினால் ரப்பர் போல அமுங்கி எழும். "குழைகிறது" என்றால் கெயினைக் கால் பங்கு குறைத்து மாஸ்டரைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று நகர்த்தினால்தான் அந்த நடு இடம் கிடைக்கும்.

பிறகு மிட். எல்லாத் திருகையும் 12 மணி நிலையில் வைத்தால் சமநிலை என்பது தவறான நம்பிக்கை. பழைய அமெரிக்கக் கிளீன் ஆம்ப்களின் சுற்றில் எல்லாம் நடுவில் இருக்கும்போதே இடைச்சுருதிகள் பள்ளமாகத்தான் இருக்கும். ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டும் அசையும். அந்தக் குணத்தையும் சேர்த்துத்தான் மாடலிங்கில் நகலெடுக்கிறார்கள். ஆகவே இரண்டு பெட்டியிலும் ஒரே எண்ணை வைத்து "ஏன் வேறாக இருக்கிறது" என்று கேட்பதில் பொருளில்லை.

---

ஆராதனை டிலே — ஞாயிறு, இரவு 8.10

நான்காவது நினைவகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நானும் பிரேசர் டவுன் பக்கம் ஒரு தேவாலயத்தில் வாசிக்கிறவன். ஐந்திலும் மிக எளிதாக மாறப்போவது அதுதான்.

கெயின், டிரெபிள் போன்றவற்றுக்கு அளவு கிடையாது, பெட்டிக்குப் பெட்டி வேறு. டிலே நேரம் அப்படியல்ல. ஒரு மில்லிவினாடி எந்தப் பெட்டியிலும் ஒரு மில்லிவினாடிதான். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு என்றால், 60,000-ஐ 72-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 833 மில்லிவினாடி. நாம் எல்லாரும் போடும் அந்தத் துள்ளல் டிலே இதில் முக்கால் பங்கு, 625. வேகம் 120 என்றால் 375. இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்தால் எந்தக் காலத்துப் பெட்டிக்கும் எடுத்துப் போகலாம். எண் தெரியாவிட்டால் பாட்டோடு சேர்ந்து டேப் பொத்தானைத் தட்டினால் போயிற்று. எதிரொலி எத்தனை முறை திரும்புகிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள், ஐந்தா, ஆறா என்று. அதுவும் மாறாத எண்.

நான் பேட்ச் எழுதி வைக்கும் நோட்டில் இரண்டு நிறப் பேனா. மில்லிவினாடி, ஹெர்ட்ஸ் போன்றவை நீலத்தில். திருகு எண்கள் பென்சிலில், அழித்து எழுதுவதற்காக.

---

மல்லேஸ்வரம் மாமா — ஞாயிறு, இரவு 8.40

நீலப் பேனாவும் பென்சிலும். இதை 2002-இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் முப்பத்தாறு பக்கம் வட்டம் வரைந்திருக்க மாட்டேன்.

---

நியூரல் நாகு — ஞாயிறு, இரவு 10.25

இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பழைய பெட்டியையே படியெடுத்துவிடலாமே! நியூரல் ஆம்ப் மாடலர் என்று இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் சோதனை ஒலியைப் பெட்டிக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்து, கணினிக்குப் பயிற்சி கொடுத்தால், அந்தப் பேட்ச் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அது கற்றுக்கொள்ளும். உள்ளே எந்த எண் இருந்தால் என்ன? ஐந்தாவது நினைவகத்தின் ரகசியத்தை உடைக்கவே வேண்டாம், பூட்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

---

குறுக்குநாண் — ஞாயிறு, இரவு 10.50

நல்ல யோசனை, இரண்டு தடை. அந்த முறை ஆம்ப், கேபினட், டிஸ்டார்ஷன் வரைதான் படிக்கும். டிலே, ரிவெர்ப், கோரஸ் போன்ற காலத்தோடு அசையும் விளைவுகளைப் படிக்காது. அவற்றை அணைத்துவிட்டுத்தான் படியெடுக்க வேண்டும், ஆனால் ஐந்தாவதில் எது எது ஓடுகிறது என்பதே நமக்குத் தெரியாது. அடுத்த தடை இன்னும் பெரியது. அவர் வாங்கியிருக்கும் பெட்டி அந்தக் கோப்பை ஏற்காது. கணினியில் வாசிக்கலாம். குழந்தை தூங்கும் அறையில் மடிக்கணினியும் ஆடியோ இன்டர்ஃபேசும் வயர்களுமாக உட்காருவதற்கா அவர் வயர்லெஸ் வாங்கினார்?

---

நியூரல் நாகு — ஞாயிறு, இரவு 10.58

வயர் பற்றிய பகுதியை மறந்துவிட்டேன். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெட்டி செத்துப்போவதற்குள் ஒரு படி எடுத்து வையுங்கள்.

---

கமகப்பிரியை — திங்கள், காலை 6.30

ஐந்தாவதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். "மணியடித்தது போல நின்று கரையும்" என்றாரே, அது கம்ப்ரசர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் விளைவு. வேறாக இருக்க வாய்ப்பில்லை. நானும் அதை நம்பித்தான் வாழ்கிறேன். டி.எச்.ஆர்.10-இன் முன்பலகையில் கம்ப்ரசருக்குத் திருகு கிடையாது, கணினியில் எடிட்டரைத் திறந்துதான் போட முடியும். ஆகவே உங்கள் நண்பர் கணினியை இணைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார். நீங்களும் எடிட்டரை இணைத்தால் அது அப்படியே திரையில் காட்டிவிடும். முன்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு காலம் முழுவதும் திருகினாலும் அந்த ஒலி வராது.

என் ஊகம்: கிளீன் ஆம்ப், கம்ப்ரசர், கொஞ்சம் ஹால் ரிவெர்ப்.

---

நள்ளிரவு வால்வு — திங்கள், காலை 7.15

என் ஊகம்: கிரஞ்ச் ஆம்ப், கெயின் மிகக் குறைவு. "கனம்" என்ற சொல்லை வைத்துச் சொல்கிறேன். தோற்பவர் எம்.டி.ஆர் உணவகத்தில் மசால் தோசை வாங்கித் தர வேண்டும்.

---

ஒற்றைச்சுருள் — திங்கள், காலை 9.00

நான் கிளீன் பக்கம். தோசைக்காக மட்டுமே இந்த இழையில் தொடர்கிறேன்.

---

அல்சூர் ஆறுகம்பி — புதன், இரவு 11.15

இரண்டு நாளாகக் காணவில்லை என்று தேடியிருப்பீர்கள். மடிவாளாவில் இருக்கும் மாமாவின் பழைய விண்டோஸ் 7 மடிக்கணினிக்காகப் போய் வந்தேன். சில்க் போர்டு சந்திப்பில் நின்ற நேரத்தில் ஐந்து பேட்சையும் மனதுக்குள்ளேயே புதிதாகச் செய்து முடித்திருக்கலாம்.

முதல் நாள் எடிட்டர் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. கேபிளைச் சந்தேகித்து எஸ்.பி. சாலைக்கு ஓடி இன்னொன்று வாங்கினேன். அதிலும் இல்லை. பிறகுதான் யமஹா ஸ்டெய்ன்பெர்க் யூ.எஸ்.பி டிரைவரைப் போடவில்லை என்று உறைத்தது. தவறு என்னுடையது, கேபிள் இரண்டும் குற்றமற்றவை. டிரைவர் ஏறியதும் இணைந்துவிட்டது. மல்லேஸ்வரம் மாமா சொன்னபடி முதல் வேலையாக ஐந்தையும் கோப்பாகச் சேமித்து, மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். அதன் பிறகே ஒவ்வொன்றாகத் திரையைப் படம் பிடித்தேன். இந்த முறை ஐந்தும் வேறு வேறு படம், சரிபார்த்துவிட்டேன்.

மூன்றாவது லீட்: கெயின் 62, மாஸ்டர் 48, மிட் 71. புதிய பெட்டியில் குறுக்குநாண் சொன்னபடி எதிரும் புதிருமாக நகர்த்தி, கெயின் 45, மாஸ்டர் 66-இல் வந்து நின்றது. மிட் 60 போதும். லூப்பரைச் சுழலவிட்டு என் மனைவியைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். பத்து முறையில் ஆறு முறை எது பழையது என்று சரியாகச் சொன்னாள். சத்தத்தைச் சமன் செய்தபின் ஐந்தானது. இனி அவளைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

நான்காவது: எடிட்டரில் டிலே நேரம் 627 என்று இருந்தது. 72 வேகத்துக்கு 625 என்று ஆராதனை டிலே போட்ட கணக்கைப் பார்த்துச் சிலிர்த்துவிட்டேன். அன்று நான் காலால் தட்டி வைத்தது, இரண்டு மில்லிவினாடிதான் பிசகு.

இனி ஐந்தாவது. கமகப்பிரியை அக்கா சொன்னது சரி, கம்ப்ரசர் இருக்கிறது, பெடல் வகை. சுரத்தை நிற்க வைக்கும் சஸ்டெயின் பாதிக்கு மேல். லேசான கோரஸ், கொஞ்சம் ஹால் ரிவெர்ப், இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் தாழ்வாக. ஆம்ப் மட்டும் நீங்கள் யாரும் சொன்னதல்ல. கிளீனும் இல்லை, கிரஞ்சும் இல்லை.

பேஸ்.

பதினோரு ஆண்டுகளாக நான் பேஸ் கிடாருக்கான ஆம்பில் சாதாரணக் கிடாரை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது.

---

நள்ளிரவு வால்வு — புதன், இரவு 11.22

அடக்கடவுளே. இப்போது யார் யாருக்குத் தோசை வாங்குவது?

---

குறுக்குநாண் — புதன், இரவு 11.30

யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பேஸ் ஆம்ப் மாதிரி கிடாரின் தாழ்ந்த பகுதியை வெட்டாமல் விடும், எளிதில் உடையாது. அதற்கு முன்னால் கம்ப்ரசரை வைத்தால் மணி போலத்தான் நிற்கும். புதிய பெட்டியிலும் பேஸ் நிலை இருக்கிறது, மூன்று நிறத்திலும். அங்கிருந்து தொடங்குங்கள். கம்ப்ரசருக்கு மட்டும் கைப்பேசிச் செயலியைத் திறக்க வேண்டியிருக்கும், முன்பலகையில் இதிலும் திருகு இல்லை.

---

அல்சூர் ஆறுகம்பி — வியாழன், காலை 8.05

நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன், இத்தனை அழகான யோசனை உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டு. அங்கே இரவு, உடனே பதில் வந்தது. அப்படியே தருகிறேன்:

"எந்த யோசனையும் இல்லையடா. அன்று உன் பெட்டியில் ஒரு பேஸ் வரியைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். திருகை மாற்ற மறந்துபோய் கிடாரைச் செருகிவிட்டேன். நீ சமையலறையிலிருந்து ஓடிவந்து 'அதைத் தொடாதே, அப்படியே சேமி' என்று கத்தினாய். சாம்பார் அடிப்பிடித்தது நினைவிருக்கிறதா?"

சாம்பார் நினைவிருக்கிறது.

---

கமகப்பிரியை — வியாழன், காலை 8.40

தம்பி, அந்த ஐந்தாவதின் ஒய்.டி.எல் கோப்பை இங்கே இணைக்க முடியுமா? என்னிடம் இன்னும் பழைய பெட்டிதான்.

---

அல்சூர் ஆறுகம்பி — வியாழன், காலை 9.10

இணைத்துவிட்டேன் அக்கா. ஏற்றும் முன் உங்கள் நினைவகங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் கிடாரில் பிக்கப் வலுவாக இருந்தால் கம்ப்ரசரின் அவுட்புட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும். கமகத்துக்குக் கோரஸ் வேண்டாம் என்று தோன்றினால் அணைத்துவிடுங்கள். பேஸை மட்டும் மாற்றாதீர்கள்.